ஒரு படுக்கை, இரு எழுத்தர்: இரயில் முன்பதிவுப் பேரேடும் தரவுத்தளப் பூட்டும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே பதிவைப் பலர் ஒரே நேரத்தில் திருத்த முற்படும்போது எழும் சிக்கலைத் தீர்க்கத் தரவுத்தள நிரல்களில் ‘பூட்டு’ என்னும் உத்தி கையாளப்படுகிறது. இதனைக் கணினியோடு பிறந்த தொழில்நுட்பமாகவே பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. காகிதப் பேரேட்டுக் காலத்திலேயே இச்சிக்கல் அறியப்பட்டிருந்தது என்பதையும், அதற்கு அன்று கண்ட தீர்வுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதையும் இரயில் முன்பதிவு, ஆவணப் பதிவு ஆகிய இரு துறைகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பூட்டு, ஒரு பொருள் இருவருக்கு விற்கப்படாமல் காக்கிறது. அப்பொருள் யாருக்குச் சேரவேண்டும் என்பதை முடிவு செய்தது ஒதுக்கீடு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் சிறு நிலையப் பயணிகளின் நிலை வரலாற்றில் மறைந்துபோகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், பதிவுப் பூட்டு, பரிவர்த்தனை, இரயில் முன்பதிவு, ஒதுக்கீடு, ஆவணப் பதிவு, மாதனூர்

முன்னுரை

மாதனூர், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த ஓர் ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. சுற்றுவட்டாரத்தின் வாழ்வு பெரிதும் தோல் தொழிலைச் சார்ந்தது. பதனிடும் தொழிற்சாலைகளை இங்குள்ளோர் ‘டேனரி’ என்றே வழங்குவர்.

இக்கட்டுரையின் சிக்கலை ஒரு டேனரியின் இருப்புக் கணக்கைக் கொண்டே விளக்கிவிடலாம். கிடங்கில் 500 ஆட்டுத்தோல்கள் இருப்பதாகக் கணினியில் பதிவாகியிருக்கிறது எனக் கொள்வோம். சென்னைப் பெரியமேட்டிலிருந்து வந்திறங்கிய 200 தோல்களை ஓர் எழுத்தர் வரவு வைக்கிறார். அதே வேளையில் மற்றோர் எழுத்தர், வேலைக்கு எடுத்துச் சென்ற 150 தோல்களைக் கழிக்கிறார். இருவர் திரையிலும் முதலில் தோன்றியது 500 என்னும் எண்ணே. முதலாமவர் 700 என எழுதிச் சேமிக்கிறார். இரண்டாமவர் தம் திரையிலிருந்த 500இலிருந்து 150ஐக் கழித்து 350 எனச் சேமிக்கிறார். கிடங்கில் உள்ளவை 550. கணக்கில் உள்ளவை 350. இருவருள் எவரும் தவறு செய்யவில்லை. ஆயினும் 200 தோல்கள் கணக்கிலிருந்து காணாமற்போயின. கணக்குப் பொருந்தாத நாளில் பழி கிடங்குக் காவலர்மேல் விழும்.

இதனைக் கணினியியலார் ‘இழந்த திருத்தம்’ என்ற பொருளில் குறிப்பிடுவர். முதலாமவர் பதிவைத் திறந்த கணத்திலேயே அதனைப் பூட்டியிருந்தால், இரண்டாமவர் காத்திருந்து 700 என்னும் புதிய எண்ணைக் கண்டிருப்பார். இவ்வளவே பூட்டின் அடிப்படை.

தமிழில் ‘பூட்டு’ என்பது அடைத்தலை மட்டும் குறிப்பதன்று. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். ஒரு வேலையின் பொருட்டு ஒன்றை மற்றொன்றோடு இணைத்தல் என்பதே இவ்வழக்குகளில் நிற்கும் பொருள். பதிவுப் பூட்டும் ஒரு பதிவை ஒரு வேலையோடு, அவ்வேலை முடியும்வரை இணைப்பதுதான். கலைச்சொல்லாக்கத்தில் நேர்ந்த நற்பேறுகளுள் ஒன்றாக இச்சொல்லைக் கருதலாம்.

கைகாட்டியும் டோக்கனும்

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை திறக்கப்பட்டது. சென்னை இரயில்வே நிறுவனத்தின் அப்பாதை பின்னர் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை நோக்கி நீண்டது. 1860களின் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரையை எட்டியது. மாதனூருக்கு இரயில் நிலையம் இல்லை. ஆம்பூர் நிலையம் அவ்வூராருக்கு அருகிலுள்ளவற்றுள் ஒன்று.

இரயில்வே அன்றே எதிர்கொண்ட சிக்கல், ஒரு தடத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே நுழையாமல் காப்பது. ஒற்றைத் தடப் பாதைகளில் இதற்குக் கையாண்ட வழி டோக்கன். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன் மட்டுமே வெளியில் இருக்கும். அது கையில் இருந்தால்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்கலாம். இந்தியாவில் பல பாதைகளில் பயன்பட்ட நீல் கருவியில் அது ஓர் உலோகப் பந்து. ஒரு நிலையத்தில் பந்தை எடுத்தால், அது மறுநிலையக் கருவிக்குள் சென்று சேரும்வரை வேறொரு பந்தை எந்த முனையிலும் எடுக்க இயலாது. பிரம்பு வளையத்தில் கோத்த பைக்குள் அப்பந்தை வைத்து, ஓடும் வண்டியிலிருந்தே கொடுத்து வாங்கியதைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

இவ்வொப்புமை கட்டுரையாளரின் கற்பனையன்று. 1960களின் முற்பகுதியில் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஒரே வளத்தைப் பல நிரல்கள் நாடும்போது ஒழுங்குபடுத்தும் கருவியை வகுத்தார். அதற்கு ‘செமஃபோர்’ என்று இரயில்வேயின் பெயரையே சூட்டினார். நம் ஊர்ப்புறங்களில் ‘கைகாட்டி மரம்’ என வழங்கிய சமிக்ஞைக் கம்பம்தான் அது. ஒரு செயல், கைகாட்டியைக் கடக்க அனுமதி கேட்கும். மற்றொரு செயல், கடந்தபின் வழியை விடுவிக்கும். தரவுத்தளப் பூட்டும் இதே பூட்டுதல், விடுவித்தல் என்னும் இரட்டைச் செயலால் ஆனது.

பேரேட்டில் இருந்த பூட்டு

தடத்துக்கு டோக்கன் வகுத்த அதே இரயில்வே, படுக்கைக்குத் தனியாகப் பூட்டு எதையும் வகுக்கவில்லை. தேவை எழவில்லை என்பதே காரணம். கணினிக்கு முந்திய முன்பதிவில் ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு நாளுக்கும் பேரேட்டில் தனி இடம் உண்டு. அப்பேரேடு ஓர் எழுத்தரின் மேசையில் இருக்கும். பயணி தாம் செல்லவேண்டிய வண்டியின் பேரேடு எந்தச் சாளரத்தில் உள்ளதெனத் தேடி அங்கே வரிசையில் நிற்கவேண்டும். பக்கத்துச் சாளரத்தில் கூட்டமே இல்லையென்றாலும் பயனில்லை. ஒரு புத்தகம், ஒரு கை, ஒரு பேனா. இரு எழுத்தர் ஒரே படுக்கையை ஒரே கணத்தில் எழுதுவது பருப்பொருள் அளவிலேயே இயலாத ஒன்று. காகிதமே பூட்டாக இருந்தது.

கிராமக் கணக்கிலும் இதுவே நிலை. கர்ணத்தின் கையில் இருந்த அடங்கலை அவரன்றி வேறொருவர் எழுத முடியாது. 1980இல் தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டதற்கு அவ்வொற்றைக் கையின் அதிகாரமும் ஒரு பின்னணி. எழுதுபவர் ஒருவராகவே இருந்தால் முரண்பாடு எழாது. ஆனால் அவர் எழுதியதே உண்மை என்றாகிவிடும்.

முன்பதிவில் மற்றொரு சிக்கல், புத்தகம் இல்லாத ஊரில் இருப்பவர் நிலை. சென்னையில் புறப்படும் வண்டியின் பேரேடு சென்னையில் இருக்கும். இடைநிலையத்தில் ஏறுபவருக்குப் படுக்கை எப்படிக் கிடைக்கும்? ஒவ்வொரு முறையும் தந்தி அடித்துக் கேட்பது ஒரு வழி. திரும்பும் பயணத்துக்கும் மேற்பயணத்துக்கும் அவ்வாறே தந்தி சென்றது. விடை வரும்வரை பயணி உறுதியற்ற நிலையில் காத்திருந்தார். மற்றொரு வழி ஒதுக்கீடு. வண்டியின் மொத்தப் படுக்கைகளுள் சிலவற்றை இன்ன நிலையத்துக்கென முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட்டால், அந்நிலையத்தின் எழுத்தர் யாரையும் கேளாமல் அவற்றை விற்கலாம்.

ஒதுக்கீட்டை நிருவாக வசதி என்று மட்டுமே பார்ப்பது வழக்கம். தரவுத்தளக் கோட்பாட்டின் நோக்கில் அது நுட்பமானதொரு தீர்வு. ஒரே பதிவை இருவர் தொடும் வாய்ப்பு இருப்பதால்தான் பூட்டு தேவைப்படுகிறது. பதிவுகளையே முன்கூட்டிப் பிரித்துவிட்டால் மோதலுக்கு இடமில்லை, பூட்டும் வேண்டா. இன்று பெரும் தரவுத்தளங்களைக் கூறுகளாகப் பிரித்துத் தனித்தனிக் கணினிகளில் வைப்பதன் அடிப்படையும் இதுவே. ஒதுக்கீட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரு நிலையத்தில் படுக்கை வெறுமையாகக் கிடக்க, மற்றொரு நிலையத்தில் காத்திருப்போர் பட்டியல் நீளும். கணினி வந்தபோது முதன்மையாகச் சுட்டப்பட்ட குறை இதுதான். சுட்டப்படாதது, ஒதுக்கீடு தந்த காப்பு. ஆம்பூர்ப் பயணிக்கென வைத்த படுக்கையைச் சென்னைப் பயணி எவ்வளவு விரைவாக வரிசையில் நின்றாலும் பெற முடியாது. தோல் வணிகத்தின் பொருட்டுப் பெரியமேட்டுக்கும் அதற்கு அப்பாலும் சென்றுவந்தோர், தொழிலாளர், வேலூர் மருத்துவமனைகளை நாடி வந்து திரும்புவோர் எனப் பலரும் பயன்படுத்தும் ஒரு தடத்தில் இது சிறு செய்தியன்று.

பூட்டு கோட்பாடாதல்

பேரேட்டை ஒரே நேரத்தில் பல கைகளுக்குக் கொண்டுசென்ற முதற்பெரு முயற்சி வானூர்தித் துறையில் நிகழ்ந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய சேபர் முன்பதிவு முறை 1964இல் முழு அளவில் இயங்கியது. அவ்வழியில் ஐபிஎம் வளர்த்தெடுத்த வானூர்திக் கட்டுப்பாட்டு நிரலில், ஒரு பதிவைத் ‘தேடி எடுத்துப் பிடித்து வை’ என்னும் பொருளுடைய கட்டளை உண்டு. பிடித்திருப்பவர் விடும்வரை அதே பதிவைப் பிடிக்கக் கேட்கும் மற்றவர் காத்திருக்கவேண்டும். பேரேட்டின் பருப்பொருள் பூட்டு, முதன்முறையாகச் சொல்லாக எழுதப்பட்ட கட்டளையாயிற்று.

ஆயினும் எப்போது பூட்டுவது, எப்போது விடுவது, எவ்வளவைப் பூட்டுவது என்பன நிரலரின் மதிநுட்பத்துக்கே விடப்பட்டிருந்தன. இவற்றுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது 1976 நவம்பரில் அமெரிக்கக் கணினியியல் கழகத்தின் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை. கபாலி ஈஸ்வரன், ஜிம் கிரே, ரேமண்ட் லோரி, இர்விங் டிரெய்கர் ஆகிய நால்வரும் அப்போது ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தள ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றியவர்கள். கிரேக்கு 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. கட்டுரையில் முதற்பெயராக நிற்கும் ஈஸ்வரனைப் பற்றித் தமிழில் ஏதும் எழுதப்பட்டதாகக் கட்டுரையாளரின் பார்வைக்கு வரவில்லை.

அக்கட்டுரை நிறுவிய விதி எளியது. ஒரு பரிவர்த்தனை தனக்கு வேண்டிய பூட்டுகளைப் பெறும் கட்டம் ஒன்று. விடுவிக்கும் கட்டம் மற்றொன்று. ஒன்றையேனும் விடுவித்தபின் புதிய பூட்டு எதையும் பெறலாகாது. எல்லாப் பரிவர்த்தனைகளும் இவ்விரு கட்ட ஒழுங்கைப் பின்பற்றினால், அவை பின்னிப் பிணைந்து நடந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாற்போன்ற விளைவே கிட்டும். பல கைகள் எழுதினும் ஒரு கை எழுதியது போலிருக்கவேண்டும் என்பதே இதன் பொருள். பழைய பேரேட்டின் இயல்பைக் கணிதமாக்கியது இவ்விதி எனலாம்.

பேரேட்டில் இல்லாத புதிய இடர் ஒன்றும் இதனோடு வந்தது. பாலாற்றின் குறுகிய தரைப்பாலத்தில் இரு முனைகளிலிருந்தும் இரு லாரிகள் நுழைந்துவிட்டன என்று கொள்வோம். பாலத்தின் ஒரு பாதி ஒருவர் வசம். மறுபாதி மற்றவர் வசம். ஒவ்வொருவருக்கும் வேண்டியது மற்றவரிடம் உள்ள பாதி. எவரும் பின்வாங்காவிடில் இருவரும் நாள் முழுதும் நிற்கவேண்டியதுதான். தரவுத்தளத்தில் இம்முட்டுநிலை நேரும்போது மென்பொருளே ஒரு பரிவர்த்தனையைத் தேர்ந்து, அது செய்தவற்றை அழித்துத் தொடக்கத்துக்குத் திருப்பிவிடும். அவ்வாறு திருப்பப்படுவதைத் துறையினர் ‘பலி’ என்றே வழங்குவர். பலியாவது யார் என்பதற்கு விதி உண்டு. பெரும்பாலும் குறைந்த வேலை செய்து முடித்திருப்பதே பலியாகும். பாலத்திலும் சிறிய வண்டிதான் பின்வாங்கச் சொல்லப்படுகிறது.

1981இல் ஹெச். டி. குங், ஜான் ராபின்சன் ஆகியோர் வேறொரு வழியை முன்வைத்தனர். மோதல் அரிதென நம்பி எவரையும் பூட்டாமல் வேலை செய்ய விடுவது. சேமிக்கும் தறுவாயில் இடையில் எவரேனும் பதிவை மாற்றினரா எனச் சரிபார்ப்பது. மாறியிருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வது. இணையவழிச் செயலிகள் பலவற்றில் இன்று இயங்குவது இம்முறையின் வழித்தோன்றலே. ஒன்றில் காத்திருக்கவேண்டும், மற்றொன்றில் செய்ததை மீண்டும் செய்யவேண்டும்.

ஐந்து இல்லங்கள்

இந்தியாவில் இக்கோட்பாடு மக்கள் வாழ்வைத் தொட்ட இடம் இரயில் முன்பதிவு. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபின், அதன் கணினிகளைப் பேணும் பொறுப்பை ஏற்றது சிஎம்சி என்னும் அரசு நிறுவனம். அதுவே இம்ப்ரெஸ் என்ற முன்பதிவு மென்பொருளை உருவாக்கியது. 1985 நவம்பரில் புதுதில்லியில் சோதனை அளவில் தொடங்கிய அது, 1987இல் சென்னைக்கும் வந்தது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறலாம் என்னும் நிலை அன்றுதான் உருவாயிற்று. வண்டிவாரி வரிசைகள் மறைந்தன. அன்றே காகிதத்தின் பூட்டும் மறைந்தது. அருகருகே அமர்ந்த இரு எழுத்தர் ஒரே படுக்கையை ஒரே நொடியில் கேட்பது நாள்தோறும் நிகழக்கூடியதாயிற்று.

தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய மையங்கள் தொடக்கத்தில் தனித்தனித் தீவுகளாக இயங்கின. 1986இல் நிறுவப்பட்ட இரயில்வே தகவல் முறைமை மையமாகிய கிரிஸ் உருவாக்கிய கான்செர்ட் மென்பொருள், 1994இல் செகந்திராபாத்தில் அறிமுகமாகி, 1999 ஏப்ரலில் ஐந்தையும் இணைத்தது. வரலாற்று நோக்கில் இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது, தரவு வைக்கப்பட்ட முறை. நாடு முழுமைக்கும் ஒரே பெரும் கோப்பு உருவாக்கப்படவில்லை. ஒவ்வொரு வண்டியின் தரவுக்கும் ஐந்தில் ஒரு மையமே இல்லம். சென்னையை இல்லமாகக் கொண்ட வண்டிக்குத் தில்லியில் ஒருவர் சீட்டுக் கேட்டால், அவ்வேண்டுகோள் சென்னைக்குச் சென்று அங்கேயே முடிவாகித் திரும்பும். ஒரு வண்டிக்கு ஒரு பேரேடு, அதற்கு ஓர் இருப்பிடம் என்னும் பழைய ஒழுங்கு கணினிக்குள்ளும் தொடர்ந்தது. தந்தி சென்ற வழியில் மின்குறிகை சென்றது, நாட்கணக்கு நொடிக்கணக்காயிற்று. ஐந்து இடங்களிலும் ஒரே படுக்கைக்குப் படிகள் வைத்திருந்தால் அவற்றை ஒத்திசைத்துப் பூட்டுவது அன்றைய தொலைத்தொடர்பு நிலையில் எத்துணைக் கடினம் என்பதை எண்ணினால், வடிவமைத்தோரின் அடக்கமான தெரிவைப் பாராட்டத் தோன்றுகிறது.

2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி வழி இணைய முன்பதிவு தொடங்கியது. எழுத்தருக்குப் பதிலாகப் பயணியே பதிவேட்டின் முன் அமர்ந்தார். எழுத்தர் படிவத்தைப் பார்த்துத் தட்டச்சிட்டு உடனே முடித்துவிடுவார். பயணி யோசிப்பார், வீட்டாரைக் கேட்பார், வங்கியின் கடவெண்ணுக்குக் காத்திருப்பார். அவர் யோசிக்கும் நேரமெல்லாம் படுக்கையைப் பூட்டி வைத்தால் வண்டியே பூட்டப்பட்டுவிடும். ஆகவே மனிதர் எண்ணும் நேரத்தில் பூட்டு வைக்கலாகாது என்பது பரிவர்த்தனை வடிவமைப்பின் பழைய விதிகளுள் ஒன்று. திரையில் ‘இடம் உண்டு’ எனக் காட்டும் எண் வாக்குறுதியன்று. அக்கணத்து நிலையைக் காட்டும் அறிவிப்பு மட்டுமே. பணம் செலுத்தி முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியலுக்குத் தள்ளப்படுவது இதனால் விளைவது. பயணி இதனை ஏமாற்று என்று உணர்வதும், வடிவமைப்பாளர் இதனைச் சரியான இயக்கம் என்று கருதுவதும் ஒருசேர உண்மை.

சிறு அலுவலகத்தின் பூட்டு

பெருங்கணினிகளின் வரலாறே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் இந்தியச் சிறு நிறுவனங்களின் கணக்குகள் டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் ஆகியவற்றில் எழுதப்பட்டன. டிபேஸ் 3 பிளஸ் வலையமைப்பில் இயங்கத் தொடங்கியபோது பதிவைப் பூட்ட ஒரு சார்பும், கோப்பு முழுவதையும் பூட்ட மற்றொரு சார்பும் தந்தது. அவற்றை எழுதவேண்டிய பொறுப்பு நிரலருடையது. எழுத மறந்தால் முன்னுரையில் கண்ட டேனரிக் கணக்கின் நிலைதான். அஞ்சிக் கோப்பு முழுவதையும் பூட்டினால், ஒருவர் விலைப்பட்டியல் போடும்வரை மற்றவர் கைகட்டி நிற்கவேண்டும். ‘பதிவு மற்றொருவர் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் தோன்றும் அறிவிப்பு அத்தலைமுறை எழுத்தர்களுக்கு மனப்பாடம். பதிவைத் திறந்து வைத்துவிட்டு உணவுக்குச் சென்றவரைத் தேடி ஆள் அனுப்பிய கதைகள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. எத்தனை முறை முயன்றபின் கைவிடுவது என நிரலில் வரையறுக்க ஃபாக்ஸ்புரோவில் தனிக் கட்டளையே இருந்தது. இந்நிரல்களை எழுதியோர் பலரும் கோட்பாட்டுக் கட்டுரைகளைப் படித்தவர்களல்லர். பட்டறிவால் இரு கட்ட ஒழுங்கை அடைந்தவர்கள். அவர்களின் நிரல்கள் நெகிழ்வட்டுகளோடு அழிந்துவருகின்றன. தொழில் வரலாற்றாய்வாளர்கள் கணக்குப் புத்தகங்களுக்குக் காட்டும் அக்கறையை இவற்றுக்கும் காட்டவேண்டிய காலம் கடந்துகொண்டிருக்கிறது.

நாளும் மணியும்

பூட்டே இல்லாமல் இச்சிக்கலைக் கையாண்ட துறையும் ஒன்று உண்டு. அது ஆவணப் பதிவு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 52ஆம் பிரிவில், ஆவணம் தாக்கல் செய்யப்பட்ட நாளையும் மணியையும் இடத்தையும் அவ்வாவணத்திலேயே அப்போதே எழுதவேண்டும் என்கிறது. ஏற்கப்பட்ட ஆவணங்கள், ஏற்கப்பட்ட வரிசைப்படியே புத்தகத்தில் படியெடுக்கப்படவேண்டும். 53ஆம் பிரிவு தொடர் எண் இடச் சொல்கிறது. மணியைக் குறிக்கவேண்டும் என்று சட்டமே வலியுறுத்துவது கருதத்தக்கது. ஒரே நாளில் ஒரே நிலத்துக்கு இரு ஆவணங்கள் வரக்கூடும் என்பதைச் சட்டம் இயற்றியோர் எதிர்பார்த்தனர் போலும்.

47ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. பதிவுசெய்யப்பட்ட ஆவணம், பதிவான நேரத்திலிருந்தன்று, பதிவு தேவைப்படாதிருந்தால் எப்போது செயற்பட்டிருக்குமோ அந்நேரத்திலிருந்து செயற்படும். மாதனூரில் ஒருவர் தம் நிலத்தைத் திங்களன்று ஒருவருக்கும் புதனன்று மற்றொருவருக்கும் எழுதிக்கொடுத்தார் எனக் கொள்வோம். புதனன்று பெற்றவர் முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டார். திங்களன்று பெற்றவர் சட்டம் தரும் நான்கு மாத கால வரம்புக்குள் பின்னர் பதிந்தாலும், பொதுவிதியின்படி முன்னுரிமை அவருக்கே. கணினியியலில் இதனை ஒத்தது நேரமுத்திரை வரிசை முறை: வந்து சேர்ந்த வரிசை எதுவாயினும், தோன்றிய நேரமே முறைமையை முடிவு செய்யும்.

பூட்டு முறையில் சாளரத்தை முதலில் அடைந்தவர் வெல்கிறார். பதிவுச் சட்டத்தின் முறையில் முதலில் உரிமை பெற்றவர் வெல்கிறார். பின்னது ஏழைக்கும் தொலைவில் இருப்பவர்க்கும் பரிவுடையது. ஆனால் இடையில் வாங்கியவர் அறியாமலே இழக்க நேரும். அதனால்தான் வில்லங்கச் சான்றில் ஏதுமில்லை என்பது முழுக்காப்பு ஆகாது என்று ஆவண எழுத்தர்கள் எச்சரிப்பர். 2018இல் தமிழகமெங்கும் ஸ்டார் 2.0 வழி இணையப் பதிவு வந்தபின், சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்வோர் முன்கூட்டியே நேரம் குறித்து டோக்கன் பெறுகின்றனர். இரயில் தடத்தில் தொடங்கிய சொல் பத்திரப் பதிவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வருகையை அது ஒழுங்குபடுத்துகிறது. நிலத்தின் மேலுள்ள உரிமையை அது பூட்டுவதில்லை.

எஞ்சிநிற்கும் ஒதுக்கீடு

கணினி வந்தபின் ஒதுக்கீடு தேவையற்றதாகியிருக்க வேண்டும். எல்லாச் சாளரங்களும் ஒரே பதிவேட்டைப் பார்க்கும்போது நிலையந்தோறும் பிரித்து வைக்கத் தொழில்நுட்பக் காரணம் இல்லை. ஆயினும் அது ஒழிக்கப்படவில்லை. பூட்டு நடுநிலையானது, அந்நடுநிலை விரைவுடையோர்க்கு உதவுவது. 1997இன் இறுதியில் தொடங்கிய தத்கல் முறையில் இது வெளிப்படை. இன்று குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் ஏனையவற்றுக்கு 11 மணிக்கும் பதிவேடு திறக்கிறது. ஒரு படுக்கை ஒருவருக்கே என்பதில் பூட்டு பிழை செய்வதில்லை. விரைந்த இணைப்பும் கணினியும் உடையவருக்கும், பணி முடித்து வந்து கைப்பேசியில் தேடும் காலணித் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் இடையிலான வேறுபாடு அதன் கணக்கில் வராது. மேற்கண்ட பதிவுச் சட்ட முறையை இங்குப் பொருத்தவும் இயலாது. பயணத்தின் தேவை எப்போது தோன்றியது என்பதற்கு ஆவணம் ஏதும் இல்லை.

இதனை உணர்ந்தோ, பழக்கத்தாலோ, இரயில்வே பழைய ஒதுக்கீட்டைக் கணினிக்குள்ளும் கொண்டுசென்றது. காத்திருப்போர் பட்டியலில் உள்ள பயணச்சீட்டில் அச்சிடப்படும் குறியீடுகள் அதற்குச் சான்று. புறப்படும் நிலையத்திலிருந்து செல்வோர்க்கான பொதுப் பட்டியல் ஜிஎன்டபிள்யூஎல். இடையிலுள்ள முதன்மை நிலையத்துக்கென வைத்த படுக்கைகளுக்கானது ஆர்எல்டபிள்யூஎல். சிறு நிலையங்கள் பலவற்றுக்குச் சேர்த்து வைத்த தொகுப்புக்கானது பிகியூடபிள்யூஎல். ஒவ்வொரு பட்டியலும் தனியே நகரும். பொதுப் பட்டியலில் இருப்பவர்க்கு இடம் கிடைத்துவிட, தொகுப்புப் பட்டியலில் முன்னே நிற்பவர் காத்திருப்பதும் உண்டு. இணையத்தில் சீட்டு வாங்கும் இளைஞர்க்கு அவ்வெழுத்துகளின் பொருள் தெரிவதில்லை. அவை, எழுத்தரின் மேசையிலிருந்த பேரேட்டில் இன்ன நிலையத்துக்கு இத்தனை எனக் கோடிட்டுப் பிரித்த பத்திகளின் எச்சம்.